கசிவுக்கு ஒரு கணக்கு பிறந்த கதை

விடியற்காலையில் பண்ருட்டிப் பேருந்து நிலையத்துக்கு வந்தால், தோளில் சாப்பாட்டுப் பையோடு இரண்டு கூட்டங்களைப் பார்க்கலாம். ஒன்று நெய்வேலிப் பேருந்துக்கு நிற்கும், இன்னொன்று கடலூர்ப் பேருந்துக்கு. வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றாலே பலாவும் முந்திரியும்தான். ஆனால் ஒரு பக்கம் அனல்மின் நிலையக் கொதிகலன்கள், இன்னொரு பக்கம் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் ரியாக்டர்கள், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஊர் இது. ஷிப்டுக்குப் போனவர் வீடு திரும்பும்வரை யாரும் அங்கிருக்கும் ஆபத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசுவதில்லை.

அந்தப் பேருந்துகள் போகிற திசையில், பெரும்பாலான ஆலைகளின் வாசலில் ஒரு பலகை இருக்கும். கடைசி விபத்து எந்தத் தேதியில் நடந்தது, விபத்தில்லாமல் எத்தனை நாள் கடந்திருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். நாள் கூடக்கூட நிர்வாகத்துக்குப் பெருமை, வேலைக்குப் போகிறவருக்கும் ஒரு தைரியம். அந்த எண்ணை நானும் பல காலம் அப்படியே நம்பியிருந்தேன். உள்ளே இருக்கிற ஆபத்தை அது அளக்கிறது என்றுதான் நினைத்தேன்.

2020 மே 7 அன்று விடியற்காலையில் விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி கிளம்பி, தூக்கத்திலிருந்த ஊருக்குள் புகுந்தது. 12 பேர் இறந்தார்கள். அதே நாள் நெய்வேலி இரண்டாவது அனல்மின் நிலையத்தில் 6-ஆம் அலகின் கொதிகலன் வெடித்தது. எட்டு வாரம்கூட ஆகவில்லை, ஜூலை 1-ஆம் தேதி அதே நிலையத்தில் 5-ஆம் அலகு வெடித்தது. அன்றைக்கே 6 பேர் போனார்கள். தீக்காயத்தோடு சென்னைக்குக் கொண்டுபோனவர்களில் சிலர் பிறகு இறந்த செய்தி நாள்தோறும் வந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில்தான் வாசல் பலகை எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்று தேடத் தொடங்கினேன். தேடப்போனால் அதற்குப் பின்னால் ஏறக்குறைய நூறு வருடக் கதை இருந்தது. அந்தக் கதை எங்கள் மாவட்டத்தின் வழியாகவும் போயிருக்கிறது.

பலகையின் பூர்வீகம் காப்பீட்டுத் தொழில். அமெரிக்காவில் டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் ஹைன்ரிச் 1931-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஆயிரக்கணக்கான விபத்துக் கோப்புகளைப் புரட்டி, ஒரு பெரிய காயத்துக்குப் பின்னால் 29 சிறு காயங்களும், காயமே படாத 300 சம்பவங்களும் இருக்கின்றன என்று அதில் சொன்னார். சின்னதைக் குறைத்தால் பெரியது தானாகக் குறையும் என்ற நம்பிக்கை அங்கிருந்து உலகமெங்கும் பரவியது. நம் நாட்டில் காயக் கணக்குப் போடுவதற்கென்றே ஐ.எஸ். 3786 என்ற தரநிலை இருக்கிறது. 500 பேர் வேலை செய்யும் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் மொத்தம் 12 லட்சம் மணி. வேலைக்கு வர முடியாதபடி 3 பேருக்குக் காயம் என்றால், 10 லட்சம் மணிக்கு 2.5. அந்த ஆலையின் விபத்து விகிதம் அதுதான். சட்டமும் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாத காயத்தை அரசுக்குத் தெரிவிக்கச் சொல்கிறது.

இந்தக் கணக்கு வீண் என்று சொல்ல மாட்டேன். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவனுக்கும், கன்வேயரில் விரலைக் கொடுத்தவனுக்கும் அதனால் நன்மை வந்திருக்கிறது. ஹெல்மெட்டும் கையுறையும் தொழிலாளி கைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் வழுக்கி விழுவதற்கும் ரியாக்டர் வெடிப்பதற்கும் வேர் ஒன்றல்ல. கைப்பிடிக் கம்பி கட்டினால் விழுவது குறையும், குழாய்க்குள்ளே அரித்துக்கொண்டிருக்கும் அமிலத்தை அது ஒன்றும் செய்யாது. ரசாயனத்தை அதன் பாத்திரத்துக்குள்ளேயே வைத்திருக்கும் வேலையை ஆலைக்காரர்கள் ‘பிராசஸ் சேஃப்டி’ என்கிறார்கள். அது தனி வித்தை என்பதைத் தொழில் உலகம் மெதுவாகத்தான் ஒப்புக்கொண்டது.

போபால் அதை முகத்தில் அறைந்து சொன்னது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு, சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட். அந்தத் தொட்டியைக் குளிரவைக்கும் இயந்திரம் அந்த வருடம் ஜூன் மாதமே நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரித்துவிடும் கோபுரத்துக்குப் போகும் குழாயில் ஒரு துண்டு கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவ வேண்டிய கோபுரம் வேலை செய்யாமல் சும்மா நின்றது. மூன்று காவலும் இல்லாத ஆலையில் வாரக்கணக்காக உற்பத்தி சார்ந்த வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. எத்தனை காவல் இன்று உயிரோடு இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் பலகை மட்டும் அங்கே இருந்திருந்தால், டிசம்பர் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 1981-ல் ஃபாஸ்ஜீன் கசிந்து ஒரு தொழிலாளி இறந்தார். 1982-ல் ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர், ஊர் எரிமலை வாயில் இருக்கிறது என்று திரும்பத் திரும்ப எழுதினார். அவர் தன் ஊரின் கசிவுகளைத் தனியாளாகக் கூட்டிப் பார்த்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

போபாலுக்குப் பிறகு 1985-ல் அமெரிக்க ரசாயனப் பொறியாளர் கழகம் பிராசஸ் சேஃப்டிக்கென்றே ஒரு மையம் தொடங்கியது. நம் நாட்டில் 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது, 1989-ல் அபாய ரசாயன விதிகள் வந்தன. அந்த விதிகளும் எண்ணுகின்றன. ஆனால் அவை எண்ணுவது கையிருப்பை. 10 டன் குளோரின் வைத்திருந்தால் ஒரு கடமை, 25 டன் என்றால் கூடுதல் கடமை. மெத்தில் ஐசோசயனேட் என்றால் 150 கிலோவிலேயே எல்லாம் வந்துவிடும். எவ்வளவு ஆபத்து உள்ளே இருக்கிறது என்பதற்கு இது நல்ல கணக்குதான். அந்த ஆபத்தை எவ்வளவு ஒழுங்காகக் கட்டிக் காக்கிறார்கள் என்பதற்கு அதில் எண் இல்லை.

இனி கடலூருக்கு வருகிறேன். கடலூர் பழைய நகரம் தாண்டி சிதம்பரம் சாலையில் தெற்கே போனால், உப்பனாற்றுக்கும் சாலைக்கும் இடையில் சிப்காட் நீண்டு கிடக்கும். குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், சோனஞ்சாவடி, செம்மங்குப்பம் என்று ஊர்கள் ஆலை மதிலை ஒட்டியே இருக்கின்றன. 1980-களில் ஆலைகள் வந்தன. மருந்து, பூச்சிமருந்து, சாயம், அவற்றுக்கான இடைப்பொருட்கள். அந்தச் சாலையில் போகும் பேருந்தில் சிப்காட் நெருங்கும்போது ஜன்னலோரத்தில் இருப்பவர் முந்தானையையோ கைக்குட்டையையோ மூக்கில் வைப்பதை இந்த மாவட்டத்தில் பார்க்காதவர் இருக்க மாட்டார். கடந்து போகிறவர்களுக்கு அது ஐந்து நிமிடச் சிரமம். குடிகாட்டில் படுத்துத் தூங்குகிறவர்களுக்கு அதுதான் இரவு.

புகார் கொடுத்தால் பதில் ஒரே மாதிரி வரும். அதிகாரி வருவார், அதற்குள் காற்று திரும்பியிருக்கும், நாற்றம் போயிருக்கும். எந்த ஆலை, என்ன வாயு, எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஊர்க்காரரிடம் கண்ணெரிச்சலும் இருமலும்தான் சாட்சி. 2003-ல் இந்திய மக்கள் தீர்ப்பாயத்தின் சார்பில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஜெ. கனகராஜ் அங்கே வந்து மக்களிடம் விசாரித்தார். அடுத்த வருடம், 2004-ல், ஊர்க்காரர்களே ஒரு கண்காணிப்புக் குழு அமைத்தார்கள். சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்று பெயர். நித்தியானந்த் ஜெயராமன் போன்ற செயற்பாட்டாளர்கள் உடன் நின்றார்கள்.

அவர்கள் செய்தது இரண்டு காரியம். முதலாவது, குறிப்பெழுதுவது. நாற்றம் வந்தால் தேதி, மணி, இடம், எந்தப் பக்கத்துக் காற்று, நாற்றம் எதைப் போல இருக்கிறது, உடம்பு என்ன சொல்கிறது என்று எழுதினார்கள். அழுகிய முட்டையா, அழுகிய முட்டைகோஸா, நகப்பூச்சா என்று பிரித்துச் சொல்லப் பழகினார்கள். இதைச் சிலர் லேசாகப் பேசியதுண்டு. அவர்களுக்குச் சொல்ல வேண்டும், மூக்கு சாதாரணக் கருவி அல்ல. பல கந்தகச் சேர்மங்களை நூறு கோடியில் ஒரு சில பங்கு காற்றில் கலந்திருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். எங்கள் ஊர் மண்டியில் பலாவைத் தட்டிப் பார்த்து உள்ளே சுளை எந்தப் பக்குவம் என்று சொல்கிறவருக்குக் காது எப்படியோ, குடிகாட்டுப் பெண்களுக்கு மூக்கு அப்படி. வருடக்கணக்கில் பழகிய புலன் அது. எழுதிவைக்க ஒரு நோட்டு மட்டும் இல்லாமல் இருந்தது.

இரண்டாவது, வாளி. உண்மையிலேயே பிளாஸ்டிக் வாளிதான். 1990-களில் கலிபோர்னியாவில் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கசிவுக்குப் பிறகு, அக்கம்பக்கத்து மக்களுக்காக வழக்காடிய எட்வர்ட் மாஸ்ரி என்ற வழக்கறிஞர் விலை குறைந்த கருவி ஒன்று செய்யச் சொன்னார். அதில் பிறந்தது இது. மூடி போட்ட வாளிக்குள்ளே ரசாயனம் ஒட்டாத பிளாஸ்டிக் பை ஒன்று இருக்கும். வாளியிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்தால், வெளிக்காற்று குழாய் வழியாகப் பையை நிரப்பும். நாற்றம் அடிக்கிற அந்தச் சில நிமிடத்துக் காற்று அப்படியே சிறைப்படும். இந்த வாளியை உலகமெங்கும் கொண்டுபோன டென்னி லார்சன் கடலூர் ஆட்களுக்கும் பழக்கிக் கொடுத்தார். பைகள் அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்குப் போயின. 2004 செப்டம்பரில் வெளியான அறிக்கையில் 22 நச்சு வேதிப்பொருட்களின் பெயர் இருந்தது. அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. அந்தக் காலத்தில் நம் நாட்டுக் காற்றுத் தரப் பட்டியலில் பென்சீன்கூட இல்லை. அது 2009 நவம்பரில்தான் சேர்ந்தது. சட்டம் பெயர்கூட வைக்காத பொருட்களை ஊர்க்காரர்கள் வாளியில் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழுவும் சிப்காட்டுக்கு வந்து பார்த்தது.

இதில் நான் நின்று கவனிக்கிற விஷயம் வேறு. ஆலைக்குள்ளே ஒருவனுக்கும் காயமில்லாத நாளில், பலகையில் நாள் ஒன்று கூடிய அதே நாளில், மதிலுக்கு வெளியே இருந்தவர்கள் கசிவை எண்ணினார்கள். காயம் பட்டால்தான் சம்பவம் என்ற விதி அவர்களுக்கு இல்லை. பாத்திரத்தை விட்டு வெளியே வந்தாலே அது சம்பவம்.

கடலூர் அறிக்கை வந்து ஆறு மாதம் கழித்து, 2005 மார்ச் 23 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் பி.பி. நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. 15 பேர் இறந்தார்கள், 180 பேருக்குக் காயம். அந்த ஆலையின் காய விகிதம் முந்தைய வருடத்தில் அதன் வரலாற்றிலேயே குறைவு, அந்தத் துறையின் சராசரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வெடித்த அன்று மதியம், வேலை இழப்புக் காயமில்லாமல் ஒரு மாதம் கடந்ததற்காக ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு விருந்துச் சாப்பாடு போட்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களில் பலர் ஆலையோரத்தில் நிறுத்தியிருந்த டிரெய்லர் அலுவலகத்தில் இருந்தார்கள். இறந்தவர்கள் அங்கேயும் அதன் அருகிலும் இருந்தவர்கள்தான்.

நடந்தது இதுதான். 170 அடி உயரக் கோபுரத்தின் அடியில் ஆறேழு அடி திரவம் இருக்க வேண்டும். மட்டம் காட்டும் கருவி 9 அடி வரைக்கும்தான் காட்டும், அதுவும் தவறாக அளவு வைக்கப்பட்டிருந்தது. உள்ளே திரவம் ஏறிக்கொண்டே போக, திரையில் மட்டம் மெல்ல இறங்குவதாகக் காட்டியது. கடைசியில் 158 அடி. கோபுரம் வழிந்தது, வழிந்தது பழங்காலத்துப் புகைபோக்கி வழியாகப் பீறிட்டது, பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த வண்டி எஞ்சின் பற்றவைத்தது. விசாரித்தவர்கள் பழைய கோப்புகளில் இன்னொன்றைக் கண்டார்கள். 1994-லிருந்து 2004-க்குள் அதே புகைபோக்கி வழியாக எட்டு முறை எரியக்கூடிய ஆவி வெளியே வந்திருக்கிறது. யாரும் சாகவில்லை என்பதால் அந்த எட்டும் எந்தப் பலகையிலும் ஏறவில்லை.

விசாகப்பட்டினத் தொட்டியின் கதையும் ஏறத்தாழ இதேதான் என்று பின்னால் ஆந்திர அரசின் உயர்மட்டக் குழு அறிக்கை சொன்னது. வெப்பமானி தொட்டியின் அடியில் இருந்தது. சூடு ஏறியது மேலே. சைரன் ஒலிக்கச் செய்ய 36 இடங்கள் இருந்தும் ஊருக்கு ஓசை வரவில்லை.

எண் தவறாக இருப்பது ஒரு ஆபத்து. சரியான எண்ணைத் தவறான பொருளில் படிப்பது அதைவிடப் பெரிய ஆபத்து என்று ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் என்ற ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஏற்கெனவே எழுதியிருந்தார். 1998-ல் அங்கே லாங்ஃபோர்டு எரிவாயு ஆலை வெடித்து மெல்பர்ன் நகரமே இரண்டு வாரம் எரிவாயு இல்லாமல் கிடந்தது. வேலை இழப்புக் காயங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் பெரிய ஆபத்து கண்ணிலிருந்து நழுவியது என்பது அவர் ஆராய்ந்து சொன்னது. டெக்சாஸ் சிட்டிக்குப் பிறகுதான் பெரிய மேசைகளில் அதைக் கேட்டார்கள். பிரிட்டனின் பாதுகாப்புத் துறை 2006-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 2007 ஜனவரியில் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் தலைமையிலான குழு, பி.பி. நிறுவனம் தனிமனிதக் காயக் கணக்கை ஆலையின் பாதுகாப்பு என்று தவறாக எடுத்துக்கொண்டது என்று எழுதியது. அமெரிக்க ரசாயன விபத்து விசாரணை வாரியம், பெட்ரோலியக் கழகமும் தொழிற்சங்கமும் சேர்ந்து ஒரு பொது அளவுகோல் செய்ய வேண்டும் என்றது. குழுவில் தொழில்துறையின் கையே ஓங்கியிருக்கிறது என்று தொழிற்சங்கம் 2009-ல் பாதியில் வெளியேறியது. 2010 ஏப்ரலில் அளவுகோல் வெளிவந்தது. அதற்கு 754 என்று எண்.

அதன் கட்டுமானம் நான்கு படி. உச்சியில் இருக்கும் முதல் படி பெரிய கசிவு, அடுத்தது சிறிய கசிவு. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வெளியேறியது என்பதுதான் கேள்வி. குளோரின் 25 கிலோ என்றால் முதல் படி, 2.5 கிலோ என்றால் இரண்டாம் படி. குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் பார்க்கிற குளோரின் டன்னரில் சுமார் 900 கிலோ இருக்கும் என்றால் இந்த 2.5 கிலோ எவ்வளவு சின்னது என்று தெரியும். ஒருவர் தலைமுடிக்கும் சேதமில்லாமல் காற்றோடு போயிருந்தாலும் எழுத வேண்டும். வருட முடிவில் அந்த எண்ணிக்கையை 2 லட்சம் வேலை மணிக்கு எத்தனை என்று வகுப்பார்கள். 100 பேர், வாரம் 40 மணி, 50 வாரம் என்பது அந்த 2 லட்சம்.

மூன்றாம் படி, கசிவு ஆகாமல் தப்பியவை. சேஃப்டி வால்வு தூக்கியது, அழுத்தம் எல்லையைத் தொட்டது, குழாய்ச் சுவர் அனுமதித்த அளவைவிட மெலிந்திருப்பது சோதனையில் தெரிந்தது. நான்காம் படி, இன்னும் நடக்காதவற்றின் வேர். இந்த மாதம் சோதிக்க வேண்டிய வால்வுகளில் எத்தனை தள்ளிப்போயிருக்கின்றன, பர்மிட் இல்லாமல் எத்தனை வெல்டிங் நடந்தது, போன தணிக்கையில் சொன்ன குறைகளில் எத்தனை திறந்தே கிடக்கின்றன. மேலே உள்ளவை நடந்து முடிந்ததைச் சொல்லும், கீழே உள்ளவை வரப்போவதைச் சொல்லும். எனக்கு நான்காம் படிமேல்தான் நம்பிக்கை. போபாலில் குளிரூட்டி நின்ற ஜூன் மாதத்திலேயே அது கத்தியிருக்கும்.

இந்தக் கணக்குக்கும் நோய் பிடிக்கும். போனஸை எண்ணோடு கட்டினால் கசிவு குறையாது, கசிவை எழுதுவது குறையும். சொன்ன தொழிலாளியை ஏன் சொன்னாய் என்று கேட்டால் மூன்றாம் படி காலியாகவே இருக்கும். நிறைய எழுதுகிற ஆலையை மோசமான ஆலை என்று அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. ஒன்றுமே எழுதாத ஆலையைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.

கடலூர் சிப்காட்டில் 2011 மார்ச்சில் புரோமின் கசிந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 2021 மே 13 அன்று ஒரு பூச்சிமருந்து ஆலை வெடித்து 4 பேர் இறந்தார்கள். 2025 மே 15 அன்று நள்ளிரவு தாண்டி, 6 லட்சம் லிட்டர் கழிவுநீர் பிடிக்கும் தொட்டி ஒன்று உடைந்து குடிகாட்டு வீடுகளுக்குள் புகுந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். தொட்டிச் சுவரின் தடிமனைக் கடைசியாக எப்போது அளந்தார்கள் என்பது நான்காம் படிக் கேள்வி. அதற்கான பதில் அந்த வீட்டுக்காரர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 1989 விதிகளில் பெரிய விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் அறிவிக்கச் சொல்லியிருக்கிறது. பாதிக்கப்படக் கூடிய மக்களுக்குத் தகவல் சொல்லவும் சொல்லியிருக்கிறது. ஆனால் நான்கு படிக் கணக்கை மாதாமாதம் வாசலில் எழுது என்று அதில் இல்லை. தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் அதைக் கேட்டு வாங்கி, ஊராட்சி அலுவலகத்துச் சுவரில் ஒட்ட வைக்க வேண்டும். எந்த ரகசியச் செய்முறையும் அதில் வெளியாகாது. எத்தனை வால்வு சோதனை பாக்கி என்பதில் என்ன வியாபார ரகசியம் இருக்க முடியும்?

அடுத்த முறை கடலூர்ப் பேருந்தில் ஏறும்போது அந்த வாசல் பலகையில் இன்னும் ஒரு வரி எழுத இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். நாட்களின் எண்ணிக்கைக்குக் கீழே நிறைய இடம் இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன்னால் மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒரு சாதாரண நோட்டில் கட்டம் போட்டு எழுதியது அங்கே அப்படியே பொருந்தும்: தேதி, மணி, காற்று எந்தப் பக்கம், என்ன வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது.